வேர் பிடித்ததா?

ஆனேக்கல்லில் ராதா குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு பன்னீர் ரோஸ் செடி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டு ஓனரம்மா புதுக் கார் வாங்கினார், வாசல் முழுக்க சிமென்ட் போட்டாயிற்று. "ஏன் மாடோது ராதா, என்ன செய்யறது, கார் நிறுத்த எடம் வேணுமல்ல?" என்று அந்தம்மா கன்னடம் கலந்த தமிழில் கையை விரித்தபோது ராதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நர்சரி ரோஜாவெல்லாம் பார்க்கத்தான் லட்சணம், மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் வாசனை வராது. இதில் ஒரு பூவைத் தலையில் வைத்தால் போதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்ப்பாள்.

செடியை வெட்டும் முன்பே நாலு குச்சி நறுக்கி வந்து, கணுவுக்குக் கீழே சாய்வாகச் சீவி, கற்றாழைச் சோற்றில் தோய்த்து, மொட்டை மாடியில் தொட்டிகளில் நட்டாள். ஈரம் போகாமலிருக்கத் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்தாள். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மூன்று குச்சிகள் துளிர் காட்டிவிட்டுக் கறுத்துப் போயின. பெருச்சாளியோ, போர்வெல் தண்ணீரோ, எதிர் வீட்டு ஷோபாவின் கண்ணோ என்று எல்லோரையும் சந்தேகப்பட்டாள். பாவம் ஷோபா!

ஞாயிறு காலை துணி காயப்போட மாடியேறியவள் அப்படியே நின்றாள். கடைசித் தொட்டிக்கு முன்னால் அவள் புருஷன் உத்தமன் குந்தியிருந்தான். பாட்டில் ஒரு பக்கம் கிடந்தது. குச்சியைக் கையில் பிடித்து, அதன் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"வேர் வந்துச்சான்னு பாத்தேன்."

"தெனமுமா?"

"ஷிஃப்டுக்குப் போறப்ப ஒருவாட்டி... வந்தப்புறம் ஒருவாட்டி."

பொம்மசந்திரா கம்பெனியில் அவனுக்கு செக்கிங் வேலை. ஒவ்வொரு உருப்படியையும் எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புவான். நல்ல மனுஷன், குச்சியையும் அதே அக்கறையோடு கவனித்திருக்கிறான்!

"நீங்கதானா அந்தப் பெருச்சாளி? தெனம் புடுங்கிப் பாத்தா அது எப்டிங்க பொழைக்கும்? இனிமே இந்தத் தொட்டி பக்கம் வந்தீங்க, தெரியும் சேதி!"

உத்தமன் சத்தமில்லாமல் படியிறங்கினான். மிஞ்சிய ஒற்றைக் குச்சியை அவளே மறுபடி நட்டு மண்ணை அழுத்தினாள். இதுவும் போனால் அந்த வாசனை அவ்வளவுதான்.

சில வாரங்களில் அதிலும் துளிர் வந்தது. உத்தமன் மாடிப்படியில் நின்றே எட்டிப் பார்த்தான்.

"வந்துடுச்சு ராதா! ஸ்வீட் வாங்கியாரட்டா?"

"சும்மா இருங்க. வேர் இல்லாமலும் துளிர் விடும். மத்த மூணும் இப்டித்தான் ஆசை காட்டிச்சு."

அவனை அடக்கியாயிற்று, அவளை யார் அடக்குவது? சோறு வடிக்கும்போதும் அந்தக் குச்சி நினைவுதான். ஒரு மத்தியானம் அவன் வேலைக்குப் போயிருந்தபோது, தண்ணீர் தெளிக்கிற சாக்கில் மேலே போனாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு பாட்டிலைத் தூக்கினாள். இரண்டு விரலால் குச்சியைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல இழுத்தாள்.

வரவில்லை. மண்தான் லேசாக அசைந்தது. "அம்மாடி!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் உத்தமன் வந்ததும் வராததுமாக அவனை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

"புடிச்சு இழுத்துப் பாருங்க."

அவன் பின்வாங்கினான். "எதுக்கு? மறுபடி திட்டறதுக்கா?"

"அட, நான்தான் சொல்றேன்ல?"

பயந்து பயந்து இழுத்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ராதா, வரலடி!"

"வராது. நல்லா வேர் புடிச்சிருக்கு."

"உனக்கு எப்டித் தெரியும்?"

 ராதா கொடியில் காய்ந்த துணியை எடுக்கிறவள் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்குவதை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை.