ஓஷில் பூசிய பிசின்

கார் நிறுத்துமிடத்தில், காரின் மறைவில் குந்தியபடி டோரூன் தன் பனிச்சறுக்குப் பலகைகளின் அடிப்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேடேறும்போது வழுக்காமல் பிடிப்பதற்காக, கால் மிதிபடும் நடுப்பகுதியில் சங்கத்துத் தோழி ஓஷில் பூசிக் கொடுத்த பிசின், விரலில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. ஊர்ச் சங்கத்தில் ஒருத்தி பலகைக்கு இன்னொருத்தி பூசிக் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் தொடரோட்ட அணியில் மிச்சம் இருப்பது ஒரே இடம். இன்று மேட்டின் உச்சிக்கு முதலில் போகிறவளுக்கு அது. போட்டிக்காரிக்கு எவளாவது நல்லதாகப் பூசுவாளா? ராத்திரி விழுந்த புதுப்பனி இந்தப் பிசினில் கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும் என்பது இந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முழுக்கச் சுரண்டிவிட்டு, குளிர்ந்த புதுப்பனிக்கான நீல மெழுகைத் தேய்த்தாள்.

போதாததற்குக் காலையில் ஓஷிலின் அறிவுரை வேறு. "எடுத்த எடுப்புல பாயாதடி. பாதி மேடு வரைக்கும் பேசிக்கிட்டே ஏறுற வேகம் போதும். சின்னச் சின்ன அடியா வை. உடம்பு காலுக்கு நேர் மேல இருக்கட்டும்."

"ரொம்பத்தான் அக்கறை," என்றாள் டோரூன்.

நேற்று மாலை ஓஷில் தனியாக மேட்டுக்குப் போனதை டோரூனின் கணவர் பார்த்திருந்தார். டோரூனிடம் அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அதனால் போட்டி தொடங்கியதுமே பாய்ந்தாள். மரங்கள் முடியும்வரை பலகை அருமையாகப் பிடித்தது. அதற்கப்பால் காற்று புதுப்பனியை வாரிக்கொண்டு போயிருந்தது. உருகி இறுகிய பழைய பனி கண்ணாடியாய் மின்னியது. மிதித்த கால் பின்னால் வழுக்கியது. கோல்களை ஊன்றிக் கையாலேயே உடம்பை இழுத்தாள். பிறகு பலகைகளை அகட்டி வைத்து ஏறினாள். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

ஓஷில் படியேறுகிறவள் போலச் சின்ன அடிகளாக வந்து சேர்ந்தாள். தாண்டிப் போயிருக்கலாம். நின்றாள்.

"என்னடி, இப்படி வழுக்குது? நேத்து இந்த ஐஸுல ஏறிப் பாத்துட்டுத்தானே நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பிசினப் போட்டேன். உனக்குச் சரியாப் பூசலையோ என்னவோ. எங்க, காலத் தூக்கு, பாக்கலாம்."

இதுவும் நடிப்போ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று டோரூன் ஏங்கினாள்.

"ஒண்ணுமில்ல. நீ போ."

"அட, தூக்குடி."

ஓஷில் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் காலடியில் குனிந்தாள். டோரூன் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, உடம்பின் முழுப் பாரத்தையும் அவற்றின்மேல் இறக்கி, அசையாமல் நின்றாள்.