ரெண்டு பக்கமும் ரெண்டு அடி

ராஜ்குமார் குவைத்துக்குப் போனது சண்டை முடிஞ்சப்புறம். ஈராக் எல்லையில ஐ.நா. சபை போட்டிருந்த முகாம்ல வெங்காயம் உரிக்கிற வேலை. முப்பது நாட்டுக்காரங்க திங்கிறாங்க, ஒரு நாட்டுக்காரன் உரிக்கிறான். ரெண்டு வருஷம் கழிச்சு லீவு கெடச்சு, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துல இருக்கிற சொந்த ஊருக்கு வந்தா, இங்க சண்டை நடந்துக்கிட்டிருக்கு.

ஒரு பக்கம் அப்பா வீரையன். எதிர்ப்பக்கம் சம்மந்தி நடராசன். தங்கச்சி ஷோபனாவ அந்த வீட்டுலதான் குடுத்திருக்கு. ரெண்டு பேரு வயலுக்கும் நடுவுல ஒரே வரப்பு. வருஷா வருஷம் நடவுக்கு முன்னாடி, வரப்போரத்துப் புல்லச் செதுக்கி அண்டை வெட்டுறோம்னு மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அவரு அந்தப் பக்கம் ஒரு சீவு சீவுவாரு, இவரு இந்தப் பக்கம் ஒரு சீவு. ரெண்டு பேருமே செஞ்சதால யாரும் யாரையும் கேட்டதில்ல. இந்தச் சம்பாவுக்கு வரப்பு நண்டு நடக்கிற அகலத்துக்கு வந்துடுச்சு. ஐப்பசி மழையில ஒடைஞ்சும் போச்சு. அதுக்கு மொத நாள்தான் நடராசன் யூரியா போட்டிருந்தாரு. தண்ணியும் யூரியாவும் சேந்து வீரையன் வயல்ல எறங்கிடுச்சு. ஒரு வாரத்துல இவரு பயிரு கருகருன்னு நிக்குது, அவரு பயிரு வெளுத்து நிக்குது.

"என் மருமக அந்தாளு வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டா. பிரசவமும் இங்கயே பாத்துக்கிறோம்"னு நடராசன் தெருவே கேக்கச் சத்தியம் பண்ணிட்டாரு.

ஷோபனாவுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம். மாப்பிள்ளை சிங்கப்பூர்ல வெல்டிங் வேலை. போன் பண்ணா அந்தப் பக்கம் "சரிப்பா"ம்பான், இந்தப் பக்கம் "சரிங்க மாமா"ம்பான். அம்மா ஞானாம்பாள் பேறுகால மருந்துக்கு இடிச்ச பொடிய தெனமும் வெயில்ல வச்சு எடுத்துக்கிட்டிருந்தா. தங்கச்சிய வீட்டுக்குக் கொண்டாராம பிளேன் ஏறக் கூடாதுன்னு ராஜ்குமார் முடிவு பண்ணான்.

நேரா உரக்கடை நெய்னா முகம்மதுகிட்டப் போனான். அந்த யூரியாவ வித்தவரும் அவருதான்.

"நான் எதுக்கு தம்பி இதுல? உங்களுக்குள்ள உறவு மொறை."

"வெளியாளுதான் வேணும் பாய். ரெண்டு பக்கமும் பேசுறவரா இருக்கணும்."

"நான் ரெண்டு பக்கமும் விக்கிறவன்."

"அதுவே போதும். ஐ.நா.விலயும் அப்படித்தான் நடக்குது."

மறுநாள் சம்மந்திங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வயல்ல நின்னாங்க. ஒடைஞ்ச வரப்பு மேல ராஜ்குமாரும் பாயும். ஐ.நா. எல்லையில என்ன செய்யுதுன்னு ராஜ்குமார் விளக்குனான். எல்லைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடத்த ஒதுக்கிடுவாங்க. அதுக்குள்ள எந்தப் பட்டாளமும் வரக் கூடாது. வெள்ளை ஜீப்புல பல நாட்டு ஆபீசருங்க ரோந்து சுத்துவாங்க. இந்தியா மேஜரும் பாகிஸ்தான் மேஜரும் ஒரே ஜீப்புல போவாங்க. கையில ஆயுதம் கெடையாது. பாக்குறது மட்டும்தான் வேலை.

"பாத்து?"ன்னாரு வீரையன்.

"பாத்துட்டோம்னு சொல்லுவாங்க."

"பாய், யாரு எவ்வளவு எடம் விடணும்னு கேளுங்க"ன்னாரு நடராசன், ராஜ்குமார் ஒரு மொழ தூரத்துல நிக்கிறப்பவே.

இங்கதான் ராஜ்குமார் உண்மையச் சொல்லித் தொலைச்சான். "ஈராக் பக்கம் பத்து கிலோமீட்டர், குவைத் பக்கம் அஞ்சு."

"அதென்ன பத்து, அஞ்சு?"

"ஈராக்தானே மாமா தோத்துச்சு."

அப்புறம் யாரு தோத்ததுன்னு பொழுது சாயிற வரைக்கும் நடந்துச்சு. "யூரியாவப் பறிகுடுத்தவன் நான், நான் எப்படித் தோத்தவன் ஆவேன்னு கேளுங்க பாய்!" "பயிரு யாருக்கு நல்லா நிக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க பாய், அப்புறம் தெரியும் யாரு தோத்ததுன்னு!" ரெண்டு பேருக்கும் ரெண்டு பக்கம் தலையாட்டி பாய்க்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. கடைசியில, யாருமே தோக்கல, ஆளுக்கு ரெண்டு அடின்னு முடிஞ்சுது. வரப்பு மேல சம்மந்திங்க ரெண்டு பேரும் கால் வைக்கக் கூடாது. மம்பட்டிய யாரு பிடிக்கிறதுங்கறதுலயும் நம்பிக்கை இல்ல. பாய் கயிறு பிடிக்க, ராஜ்குமாரே மண்ணு வெட்டிப் போட்டு நாலு அடிக்கு வரப்பு கட்டுனான். கையெல்லாம் கொப்புளம்.

சத்தியம் மட்டும் பாக்கி. பாய்தான் நடராசன்கிட்டப் பேசுனாரு. "வாசப்படின்னுதானே சொன்னீங்க? வரப்பு அவங்க கொல்லையிலதானே போய் முடியுது?"

"கொல்லையப் பத்தி நான் எதுவும் சொல்லல"ன்னாரு நடராசன்.

கார்த்திகையில வளைகாப்பு முடிஞ்சுது. பொம்பளைங்க மட்டும் போய் வளையல் அடுக்கிட்டு வந்தாங்க. மறுநாள் காலையில ஷோபனா வரப்புல எறங்குனா. அந்தக் கரையில மாமனாரு, இந்தக் கரையில அப்பா. கூட ராஜ்குமார், பின்னாடி பாய். பாதி தூரம் வந்தவ அப்படியே உக்காந்துட்டா.

"என்னம்மா ஆச்சு?"ன்னு ரெண்டு கரையிலேருந்தும் சத்தம்.

"இடுப்பு வலிக்குது. எந்திரிக்க முடியல. ஆளுக்கு ஒரு கை குடுங்க."

"ராஜ்குமாரு, தூக்கி விடுறா!"

ராஜ்குமார் தங்கச்சி மொகத்தப் பாத்தான். வலி இருக்கிற மொகமா அது? தெரியல. "எனக்குப் பாக்க மட்டும்தான் அனுமதி"ன்னான்.

"பாய், நீங்களாவது..."

"முட்டி வலிங்க. நானே உக்காந்தா ரெண்டு ஆளு வேணும்."

"நான் இங்கயே பெத்துக்கிறேன், போங்க"ன்னா ஷோபனா.

வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஏறுனாங்க. ஒப்பந்தம் அத்தோட முறிஞ்சுது. ஆளுக்கு ஒரு கை குடுத்துத் தூக்குனாங்க. புது மண்ணு வழுக்குனதால, பிடிச்ச கைய விட ரெண்டு பேருக்கும் பயம். பக்கவாட்டுல நண்டு மாதிரி நடந்து மூணு பேரும் கொல்லைக்கு வந்து சேந்தாங்க. அங்க ஞானாம்பாள் எத்தனை எலைன்னு யாரையும் கேக்காம எல்லாருக்கும் போட்டிருந்தா. கை கழுவத் தண்ணியும் வச்சாச்சு. நடராசனால திரும்பிப் போக முடியல.

சோறு, சாம்பார், வடை. வீரையன் ஒரு கையில ரசம், ஒரு கையில மோருன்னு எடுத்துக்கிட்டு சம்மந்தி எலைக்கு முன்னாடி வந்து நின்னாரு.

"ரசமா, மோரா?"

நடராசன் பாயைப் பாத்தாரு. பாய் வாய் நெறைய வடை. ராஜ்குமாரப் பாத்தாரு. அவன் பாத்துக்கிட்டுதான் இருந்தான்.

"மோரு"ன்னாரு நடராசன்.