மறுக்கக் கூடாத தட்டு

என் கணவர் கசிமிரோவின் வயிறு முதல்முறை வீங்கியபோது மேளம் போல் இருந்தது. காற்றுகூடப் பிரியவில்லை. லா பாஸ் நகர மருத்துவமனையில் ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டார்கள். நாற்றக் காற்று வெளியேறி வயிறு வடிந்ததும் மனுஷர் சிரித்தேவிட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த மலை உயரத்துல நம்மாளுங்களுக்குப் பெருங்குடல் நீளமா இருக்கும். வயிறு முட்டத் தின்னா கயிறு மாதிரி முறுக்கிக்கும். இப்ப பிரிச்சு விட்டிருக்கேன், அவ்வளவுதான். மறுபடி முறுக்கி ரத்தம் ஓடாம போனா குடல் செத்துடும். இந்த வாரமே அந்தத் துண்டை வெட்டி எடுத்துடலாம்."

ஆனால் அந்த வாரம் ஊர்த் திருவிழா. அந்த வருஷம் எடுத்து நடத்துபவர் கசிமிரோ. நடத்துபவர் வீடுவீடாக ஆடிக்கொண்டே போய், நீட்டுகிற தட்டையெல்லாம் காலி செய்ய வேண்டும். மறுத்தால் அந்த வீட்டுக்கே அவமானம்.

"ஆப்பரேஷன் முடியட்டும் மாமா, அவருக்குப் பதிலா நீங்க ஆடுங்க," என்று கூட வந்திருந்த அவருடைய அண்ணன் ஹிலாரியோனிடம் கெஞ்சினேன்.

"வயிறுதான் வடிஞ்சிடுச்சே. நல்லா இருக்கிறவனை எதுக்கு அறுக்கணும்? ஊர் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"உனக்கென்ன, நீ வெளியூர்க்காரி."

கசிமிரோ வாயே திறக்கவில்லை. அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருவிழாவில் உலர்த்திய உருளைக்கிழங்கு, அவித்த மொச்சை, ஆட்டுக்கறி. ஹிலாரியோன் வீட்டுத் தட்டுதான் எல்லாவற்றிலும் பெரியது. தம்பி மேல் அவ்வளவு பாசமாம். பாதி ஆட்டத்தில் கசிமிரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடியும் மேளம். வேனை எடுங்கள் என்று கத்தினேன். ஹிலாரியோனோ அவரைப் போர்வையில் கிடத்தச் சொன்னார். வயிற்றுப் பிள்ளை சரியாகத் திரும்ப வேண்டுமென்று அந்த ஊரில் கர்ப்பிணிகளைப் போர்வையில் போட்டு உருட்டுவார்கள்; அப்படி நாலு பேர் நாலு முனையைப் பிடித்து உருட்டினார்கள்.

"முறுக்கிக்கிட்டதுதானே, உருட்டினா பிரிஞ்சிடும்," என்றார். டாக்டரம்மா பேச்சில் அவர் காதில் ஏறியது அது ஒன்றுதான்.

வேன் கிளம்பியபோது கசிமிரோ முனகுவதையும் நிறுத்தியிருந்தார். வயிற்றைத் திறந்த டாக்டரம்மா, குடல் முழுக்கக் கறுத்துவிட்டது என்றார். மறுநாள் கசிமிரோ போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து ஊரே சாப்பிட உட்கார்ந்தது. ஹிலாரியோன் குவித்த தட்டோடு என் முன் வந்து நின்றார். அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது.

"சாப்பிடும்மா. மறுத்தா அவன் ஆத்மா வருத்தப்படும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தட்டை வாங்கி, அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"அவர் சொல்லாம போனதை நான் சொல்றேன் மாமா. வேணாம்."