தலைவர் கட்டிய ஒரே வேஷம்

"போய்ட்டாருங்க. வூட்டுக்கு எடுத்துக்கினு போறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது தைலம்மாளுக்கே உறைத்தது. கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி, வெளியே மறித்து நின்ற முப்பது பேரைப் பார்த்து அவள் அதைச் சொன்னபோது, அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அப்பா சுப்புராயன் உயிரோடுதான் இருந்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவும் முதல் நாளிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன கள்ளக்குறிச்சியில கொண்டுபோயி வுட்டுடு தைலா. இந்த ஊர்ல எனுக்கு யாரையும் தெரியாது."

ஆனால் போவது எப்படி? எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். ஊருக்கு ஊர் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். டிரைவர் மாயவன் இருட்டோடு கிளம்பி, ஏரிக்கரை, கரும்புக் கொல்லை, மாட்டு வண்டித் தடம் என்று எங்கெங்கோ நெளித்துக் கொண்டுவந்து, எலவனாசூர்கோட்டைக்கு அருகே வேறு வழியே இல்லாமல் மெயின் ரோட்டில் ஏறினான். ஏறின கையோடு மாட்டிக்கொண்டான்.

"நோயாளிங்க, கொஞ்சம் வழி வுடுங்க" என்றுதான் அவன் முதலில் கெஞ்சினான்.

"நோயாளி கதையெல்லாம் வேணாம்" என்றான் முன்னால் நின்ற பையன். இருபத்தைந்து வயது இருக்கும். பேர் அன்புச்செல்வன் என்று பிறகு தெரிந்தது. "காலையில ஒரு கட்சிக்காரன் இப்பிடித்தான் போர்வையப் போத்திக்கினு, நெஞ்சு வலின்னு சொல்லிட்டுப் போனான். அந்தாண்ட போயி எறங்கி டீ குடிக்கிறான். இனிமே பொணம் வந்தாத்தான் வழி. கொடிக்கம்பி இருக்குது, இதுவும் கட்சிக்காரன் வண்டிதானே?"

அந்த நேரத்தில்தான் தைலம்மாள் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னதா, பயத்தில் உளறினதா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"யாரு போனது?" என்றான் அன்புச்செல்வன்.

"கள்ளக்குறிச்சி சுப்புராயன்."

"இன்னாது? கூத்துக் கொட்டாய் தலைவரா?"

அப்படித்தான் அவருக்குப் பேர். இருபத்தைந்து வருஷம் பேரூராட்சியில் கவுன்சிலராகவும் தலைவராகவும் இருந்து, தெருவிளக்கு போட்டார், சாக்கடை கட்டினார், பஸ் ஸ்டாண்டுக்கு நிழல் கொண்டுவந்தார். அதெல்லாம் ஒருத்தர் வாயிலும் வராது. சந்தைமேட்டில் தகரக் கூரை போட்டு ஒரு மேடை கட்டினார் பாருங்கள், அதுதான் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது. மழைக்கும் வெயிலுக்கும் தெருவில் ஆடிக்கொண்டிருந்த கூத்துக்காரர்களைக் கூப்பிட்டு, "இது உங்க எடம்" என்றார். மலைமேல் கரியாலூரிலிருந்து ராஜாங்கம் வாத்தியாரின் கூத்து ஜமா வந்தது. செபாஸ்தியான் வாத்தியார் கொண்டுவந்த, ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்கும் அதே மேடைதான். வயதான கூத்துக்காரர்களுக்கு உதவித்தொகை கேட்டு அவர் எழுதின மனுக்களை அடுக்கினால் ஓர் ஆள் உயரம் வரும்.

"கொழாயில தண்ணி வரல, கொட்டாயில கூத்து வருதா?" என்று கூட்டத்திலேயே ஒரு கவுன்சிலர் கேட்டிருக்கிறார். "ரெண்டும் வரும். உனுக்கு எது வேணுமோ, அதுக்குக் கொடத்த எடுத்துக்கினு வா" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் தேர்தலில் தோற்றதும் அந்தக் கொட்டகையால்தான், அடுத்த முறை ஜெயித்ததும் அதனால்தான்.

அன்புச்செல்வன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கார்க் கதவைத் திறந்து, குனிந்து, அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தான். இதோ மூச்சு வாங்குவார், இதோ இருமுவார், மானம் கப்பலேறப் போகிறது என்று தைலம்மாளும் அந்த மார்பையே பார்த்தாள். மார்பு அசையவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஐயோ, நான் சொன்ன வாய்முகூர்த்தம் பலித்துவிட்டதா என்று அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். அவள் அழுதது நடிப்பே இல்லை.

"எங்கப்பா அந்த மேடையில கட்டியங்காரன் வேஷம் கட்டினவருக்கா" என்றான் அவன். "டேய், மரத்தப் புடிங்கடா."

முப்பது பேர் சேர்ந்து மரத்தை இழுத்தார்கள். அந்த வாரத்தில் அந்த ரோட்டில் அவர்கள் மனசார நகர்த்தின முதல் மரம் அதுவாகத்தான் இருக்கும்.

"நீங்க மெதுவா வாங்கக்கா. இன்னும் நாலு எடத்துல மரம் கெடக்குது. நான் முன்னால சைக்கிள்ல போயி சொல்லிக்கினே போறேன்" என்று அவன் கிளம்பிவிட்டான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அரை மைல் தாண்டியிருப்பார்கள். அப்பா பெரிதாக ஒரு மூச்சு இழுத்து, இருமினார். மாயவன் பிரேக் போட்டு, பேய் அறைந்தவன்போலத் திரும்பினான்.

"அம்மா!"

"ஓட்டு மாயவா, ஓட்டு" என்றாள் தைலம்மாள். வருவது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நாலு இடத்திலும் மரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாலு இடத்திலும் ஆட்கள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். நாலு இடத்திலும் அப்பா கட்டைபோலக் கிடந்தார். மயக்கமா, தூக்கமா, அவளுக்குப் புரியவில்லை. பெற்ற அப்பனை ஊர் ஊராகச் சாகடித்துக்கொண்டு போகிறோமே என்று நெஞ்சு குமைந்தது.

சேதி அவர்களுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டு வாசலில் கார் நின்றபோது பந்தலுக்குக் கால் நட்டாயிற்று. கட்சி ஆபீசில் கொடியைப் பாதிக்கு இறக்கிவிட்டார்கள். பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பஸ் இல்லாமல் மூன்று நாளாகக் கொட்டகையிலேயே தங்கியிருந்த ராஜாங்கம் வாத்தியாரும் அவருடைய ஜமாவும் மிருதங்கத்தோடு வந்து தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்து நடுவில் அம்மா ஆயம்மாள். சொந்தக்காரப் பெண்கள் அவளுக்கு மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து உட்காரவைத்திருந்தார்கள்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டதும் அப்பா கண்ணைத் திறந்தார். "யாரு இவ்ளோ பேரு?" என்றார்.

ஒருத்தி அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் பாதி வரியில் நின்றார்கள். பறை நின்றது. ஆயம்மாள் எழுந்து வந்து கணவரின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் மகள் பக்கம் திரும்பினாள்.

"எவடி சொன்னது?"

"நான்தாம்மா. வழி வுடமாட்டன்னுட்டானுங்க..."

"உன் நாக்குல வசம்ப வெச்சித் தேய்க்க!" என்று மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏன்டி, இந்தப் பூவ இப்ப இன்னா பண்றது? எடுக்கறதா, வெச்சிக்கறதா?"

செத்தவருக்குச் செய்கிற முறை ஊருக்கே தெரியும். சாகாதவருக்கு என்ன முறை? வாசலில் பந்தல்காரன் பூமாலை வேறு, "அக்கா, பந்தக்கால புடுங்கட்டுமா, மேல கீத்து போடட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான்.

"அப்பிடியே இருக்கட்டும், போ" என்றாள் தைலம்மாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவனும் கேட்கவில்லை.

காற்று வரட்டும் என்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஈரத்துணியால் அப்பாவின் உதட்டைத் துடைத்தாள். அவர் விரலை அசைத்துக் கூப்பிட்டார். காதைக் கொண்டுபோனாள்.

"அந்தப் புள்ள குனிஞ்சி பாத்தான் இல்ல..."

"எந்தப் புள்ளப்பா?"

"மரத்தாண்ட. மூச்சு வுடல, பாத்தியா?"

தைலம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஈரத்துணியைக் கீழே வைத்தாள்.

"கேட்டுக்கினா இருந்தீங்க? நான் சொன்னதையா?"

"உயிரு போவுதுன்னு நெனச்சேன். இருந்தாலும் வுடல." இடையில் நின்று நின்றுதான் பேச முடிந்தது. "ராஜாங்கத்துகிட்ட சொல்லு. அஞ்சு எடத்துலயும் அசையலன்னு சொல்லு."

"எம்மேல கோவம் இல்லியாப்பா?"

"கோவமா? எனுக்கு வேஷம் குடுத்தவ நீ ஒருத்திதான்டி." சிரிப்பதற்கு முயற்சி செய்தார். "கஞ்சி கெடைக்குமா?"

கஞ்சி கேட்டுவிட்டார் என்றதும் ஆயம்மாள் அடுப்படிக்கு ஓடினாள். தைலம்மாள் வாசலுக்கு வந்து, ராஜாங்கம் வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு அப்பா சொன்னதை அப்படியே சொன்னாள். கிழவர் வாயைப் பிளந்தார்.

"தலைவரா? பேசாம இருந்தாரா?"

"அஞ்சு எடத்துல."

"இருவது வருசமா ஒரு வேஷம் குடுன்னு கேப்பாரும்மா. ராசா வேஷம் கூட வேணாம், வாயிற்காவலன் போதும்பாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். உங்களால ஒரு நிமிசம் பேசாம நிக்க முடியாது தலைவரே, நடுவுல மைக்க புடிச்சிடுவீங்கன்னு சொல்லிட்டேன். மனசுல வெச்சிருந்துருக்காரு பாரு." வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடுத்துருக்கலாம்."

அவர் வாய்விட்டுச் சொன்னது பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் காதில் விழுந்தது. அது போதாதா? கால் மணி நேரத்தில் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. தலைவர் பொணமாக நடித்து மறியலைத் தாண்டி வந்தாராம் என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன், "கடைசியில அரசியல்வாதி புத்தியக் காட்டிட்டாரு பாத்தியா" என்று சிரித்தது வாசலில் நின்ற தைலம்மாள் காதிலேயே விழுந்தது. இருபத்தைந்து வருஷம் சேர்த்த பேர். ஒரு பொய்யால் போகப்போகிறது, அதுவும் அவள் சொன்ன பொய்யால். நாளைக்கு அவர் உண்மையாகவே கண்ணை மூடினாலும் ஊர் சிரித்துக்கொண்டுதான் வரும் என்று நினைத்தபோது அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அன்புச்செல்வன் வந்தான். கேரியரில் சம்பங்கி மாலை. சட்டை முழுக்க வேர்வை. டீக்கடையைத் தாண்டித்தானே வந்திருப்பான்? முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நெசமாக்கா?" என்றான்.

"நெசந்தான். பொய் சொல்லிட்டேன் தம்பி."

"நாலு எடத்துல என் வாயால சொன்னேன். தலைவரு போய்ட்டாருடா, மரத்த நவுத்துங்கடான்னு கால்ல வுழாத கொறையா சொன்னேன். ஒருத்தன் அழுதாங்க்கா." அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இனிமே நெசப் பொணம் வந்தாக்கூட வுடமாட்டானுங்க. அந்தப் பாவம் யாருக்கு?"

"எனுக்குத்தான். அவர ஒண்ணும் சொல்லாத. பொய் என்னுது. அவரு என்னைக் காட்டிக் குடுக்கல, அவ்ளோதான். உள்ள வா. நீயே கேளு அவர. உன்னப் பத்திதான் இப்பக்கூடக் கேட்டாரு."

அவன் தயங்கினான். பிறகு கேரியரிலிருந்து மாலையை எடுத்தான். வெளியே வைத்துவிட்டு வருவதா, கொண்டுவருவதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே அவள் பின்னால் வந்தான்.

அடுப்படியில் ஆயம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. அப்பா நேராகப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது.

"அப்பா, யாரு வந்துருக்காங்க பாருங்க. மரத்தாண்ட பாத்த தம்பி."

அவர் திறக்கவில்லை. அன்புச்செல்வன் கட்டிலருகே வந்து, காலையில் குனிந்தது போலவே குனிந்து முகத்தைப் பார்த்தான். நிமிரவில்லை. ரொம்ப நேரம் பார்த்தான்.

தைலம்மாளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வேறு எதற்குக் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறார்? இவன் வந்து நிற்பது தெரிந்துவிட்டது அவருக்கு. மகளைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

"நடிக்கிறாரு" என்றாள் மெதுவாக. "காலையில நீ பாத்தப்பவும் இதே மாதிரிதான் இருந்தாரு. போதும்பா, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூச்ச வுடுங்க."

அன்புச்செல்வன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா..."

"கொஞ்சம் இரு தம்பி. வுட்டுடுவாரு. அரை மைல் வரைக்கும் அடக்கினவரு."

இரண்டு பேரும் நின்றார்கள். வாசலில் பந்தல்காரன் பூமாலை யாரிடமோ கயிறு கேட்டுக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து, அப்பாவின் மேலுதட்டில் உட்கார்ந்து, மூக்கோரம் ஏறி, கண் இமைக்குப் போனது.

"பாரேன், அதுக்குக்கூட அசையல" என்றாள் தைலம்மாள். அவள் குரலில் பெருமை இருந்தது.

அன்புச்செல்வன் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அந்த ஈயை ஓட்டினான்.