எர்மெலிந்தாவின் ஜன்னல் விரிப்பு

எர்மெலிந்தாவின் வீட்டுக்கு நேர் எதிரே என் வீடு. நான் எட்டிப் பார்க்கிறேன் என்று ஊரில் சொல்வது அபாண்டம். ஜன்னலைத் திறந்தால் அவள் வீடுதான் வந்து கண்ணில் விழுகிறது, நான் என்ன செய்ய?

மே மாதம் பிறந்தால் போதும், முதுகில் மூட்டையும் கையில் இரண்டு கோலுமாக நடைக்காரர்கள் எங்கள் ஊர் பெட்ரா லோங்காவுக்கு வந்துவிடுவார்கள். கடலோரப் பாறை விளிம்பிலேயே ஊர் விட்டு ஊர் நடப்பார்கள். பாறை உச்சியில் கூடு கட்டியிருக்கும் செங்கால் நாரைகளைப் படம் எடுப்பார்கள், கண்ட துறையில் இறங்கிக் குளிப்பார்கள், அவித்த இறால் நிறத்தில் மாலையில் எங்கள் கதவைத் தட்டுவார்கள். எர்மெலிந்தா ஓர் அறையை வாடகைக்கு விட்டாள். அவளுடைய பக்கத்து வீட்டுக் காசில்டாவிடம் மூன்று அறைகள். ஆனாலும் யோரிட் என்ற ஹாலந்துக்காரர் ஆண்டுதோறும் வந்து தங்கியது எர்மெலிந்தாவிடம்தான். அந்தக் கடுப்பு காசில்டாவுக்கு உண்டு.

யோரிட்டின் மனைவி அவரை விட்டுப் போய் வெகு காலமாயிற்று. வந்தால் சில நாள் தங்குவார். காலையில் அடுத்த ஊர் வரை நடை, மதியம் கடல், மாலையில் சுட்ட மத்தி மீன். சாப்பிட்டதும் எழுந்து தன் தட்டைத் தானே கழுவுவார். வினை அங்கேதான் பிடித்தது. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை தட்டுக் கழுவினால், ஒன்று காதலில் விழுந்திருப்பான், இல்லை பெரிதாக எதையோ உடைத்திருப்பான். எர்மெலிந்தாவின் வீட்டில் எதுவும் உடையவில்லை. ஐம்பது வயது தாண்டியும் கல்யாணமாகாத அவள், அந்தத் தட்டுகளை நம்பித்தான் ஒவ்வொரு குளிர்காலத்தையும் தள்ளினாள்.

அந்த வருஷம் அவர் வருவதற்கு முன்னால் தொலைபேசியில், "இந்தத் தடவை கூடக் கொஞ்ச நாள் இருப்பேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், நேர்ல கேக்குறேன்" என்று சொன்னாராம். கேட்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது எங்களிடம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். உப்புக் கேட்க வருகிறவன் அப்படிச் சொல்லியனுப்ப மாட்டான். மறுநாளே ஊர் முழுக்கப் பேச்சு.

"அடியே, இன்னும் என்ன யோசனை? விரிப்பை எடுத்து ஜன்னல்ல போடு" என்றாள் காசில்டா.

தெருப்பக்க ஜன்னலில் நாங்கள் துணி காயப்போடுவதில்லை, அதற்குக் கொல்லை இருக்கிறது. மாதா பவனியன்று எல்லா வீட்டு ஜன்னலிலும் நல்ல படுக்கை விரிப்புகள் தொங்கும். மற்ற நாளில் ஒரு வீட்டில் மட்டும் தொங்கினால், அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்துவிட்டார்கள், அவளும் சம்மதித்துவிட்டாள் என்று பொருள். பார்த்தவர்கள் பால்சோறு கிண்டி, மேலே பட்டைத்தூளால் இருவர் பெயரின் முதலெழுத்தையும் எழுதி, தட்டோடு வந்து நிற்க வேண்டும்.

"கேக்கறதுக்கு முந்தியே எப்படிக்கா போடுறது?"

"அந்த மனுஷன் கூச்சப்படுறாருடி. விரிப்பைப் பாத்தா தைரியம் வந்துரும்."

எங்கள் முறையே தெரியாத ஆளுக்கு விரிப்பைப் பார்த்து எப்படித் தைரியம் வரும் என்று எர்மெலிந்தா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குப் பொழுது எப்படிப் போகும்?

யோரிட் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கடலுக்குக் கிளம்பியதும், எர்மெலிந்தா பெட்டிக்குள்ளிருந்து விரிப்பை எடுத்தாள். வெள்ளை நூலில் இளவயதில் அவளே பின்னியது. ஒருநாள் கூட யாரும் அதில் படுத்ததில்லை. ஜன்னலில் அது தொங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் காசில்டா, ஆகப் பெரிய தட்டோடு. காப்பிக்கடை நொர்பெர்த்து சாராயப் புட்டியோடு வந்தான். வாசற்படியில் நீல உடுப்பில், முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எர்மெலிந்தா.

யோரிட் மேடேறி வந்தார். இடுப்பில் நீச்சல் கால்சட்டை, கையில் செருப்பு, முழங்கால் வரை ஈர மணல். வீட்டுக்குள் மணல் வரக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நல்ல மனிதர், மறக்கவில்லை. படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தார், தொங்கிய விரிப்பின் நுனியை இழுத்தார், விரல் இடுக்கெல்லாம் நிதானமாகத் துடைத்தார். பிறகு அடுத்த கால்.

"எவ்வளவு கவனம் உங்களுக்கு! நான் துண்டு எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

நொர்பெர்த்து இருமுவது போல் சிரித்தான். மற்றவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கூட இல்லை.

"நீங்க எதையோ கேக்கணும்னீங்களாமே, கேளுங்கய்யா. நாங்க எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றாள் காசில்டா.

"உள்ள வாங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் எர்மெலிந்தா அவசரமாக.

"அப்புறம் என்னடி அப்புறம்? பால்சோத்துல ஆடை படியுது."

யோரிட்டுக்கு ஒரே சந்தோஷம். "ஊருக்கே தெரிஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து நானே ஆளுங்களக் கூட்டிட்டு வந்து இங்க நடக்க வைக்கப் போறேன். கோடை முழுக்க வீடு மொத்தமும் வேணும். ஜூன்லேர்ந்து நீங்க பேஜாவுல உங்க தங்கச்சி வீட்டுல போய் இருந்துக்க முடியுமா?"

எர்மெலிந்தா திரும்பி விரிப்பை உள்ளே இழுத்தாள். என் பக்கம் முதுகு. அந்த நேரத்து முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னமும் குறைதான்.

"முடியாதுங்க" என்றாள்.

"பரவாயில்ல" என்றார் அவர். உண்மையிலேயே பரவாயில்லை என்ற குரலில்.

காசில்டா ஒரு எட்டு முன்னால் வந்தாள். "எங்கிட்ட மூணு அறை இருக்குதுய்யா. நானும் என் வீட்டுக்காரரும் கொட்டகையில படுத்துக்குவோம்."

"மூணா?" அவர் முழு உடம்போடும் அவள் பக்கம் திரும்பினார்.

எர்மெலிந்தாவும் திரும்பினாள். "ஜூன் எதுக்கு? நான் மே மாசமே போயிடுறேன். செப்டம்பர் முடிஞ்சுதான் வருவேன்."

"நான் காலைச் சாப்பாடு போடுவேன்."

"நான் போறதுக்கு முந்தி வெள்ளையடிச்சு வெச்சுட்டுப் போறேன். என் ரூமையும் ஒழிச்சுத் தர்றேன். என் கட்டிலை நீங்க எடுத்துக்குங்க."

"படுக்கை முழுக்க நானே துவைப்பேன்யா!"

"உங்க வீட்டுலேர்ந்து கடல் தெரியாதுக்கா. மாட்டுத் தொழுவந்தான் தெரியும்."

அது எடுபட்டது. யோரிட் எர்மெலிந்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கைதட்டத்தான் வந்திருந்தோம், வந்ததற்குத் தட்டினோம். அவர் தட்டு தட்டாகப் பால்சோறு சாப்பிட்டார். எழுத்தின் மேலேயே கரண்டியை விட்டார். அவருடைய எழுத்து, அவளுடைய எழுத்து என்று பார்க்கவில்லை. காசில்டா என்னிடம், "வேலைக்காரியாக் கூட இருக்காம, வீட்டையே விட்டுப் போறேங்கறா பாரு" என்றாள். இனி அவர் மே மாதம் தவறாமல் எர்மெலிந்தாவின் வீட்டுக்கு வருவார், எர்மெலிந்தா மட்டும் அங்கே இருக்க மாட்டாள். அதைத்தான் அவள் போட்டி போட்டு வாங்கியிருந்தாள்.

மறு வருஷம் மே மாதம் பேருந்து நிறுத்தத்தில் எர்மெலிந்தாவிடம் கேட்டே விட்டேன். "முடியாதுன்னவ ஏண்டி மாறினே?"

"காசில்டா வீட்டு வாசல்ல அவர் செருப்புக் கிடக்கும். அதை நான் தினம் பாக்கணுமாக்கா?" என்றாள்.

பேஜாவில் கடலும் இல்லை, காற்றும் இல்லை. தங்கச்சி வீட்டு சோபாவில் படுக்கை. ஞாயிறு தவறாமல் எனக்குத் தொலைபேசி செய்கிறாள். இளைச்சிருக்காரா, வெயில்ல அலையுறாரா, மீன் கிடைக்குதா? நானும் ஒன்று விடாமல் சொல்கிறேன். ஜூன் நடுவில் அவருடைய கூட்டத்தோடு மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தி வந்தாள். கூட்டம் கிளம்பிப் போயிற்று, தொப்பி போகவில்லை. அதை எப்போது சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன்.

போன ஞாயிறு, "வீடு அவருக்கு வசதியா இருக்குதாமா?" என்று கேட்டாள்.

"உன் கட்டில் ரொம்பப் பிடிச்சிருக்காம்டி, ரெண்டு பேருக்கும்."

அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இடது பக்கத்துப் பலகை ஆடும்க்கா. அந்தப் பக்கம் படுக்குறவங்களப் பாத்துத் திரும்பச் சொல்லுங்க" என்றாள்.