மூத்த மகள்

மீசைக்காரருக்கு மகள் ஒருத்திதான். ஆனால் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் யாரைக் கேட்டாலும், வாரா வாரம் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகும் கண்ணாடி போட்ட பெண்ணைக் காட்டி, இதுதான் அவர் பெற்ற பிள்ளை என்று சத்தியம் செய்வார்கள். தான் இப்படி மகளாகிவிட்ட விஷயம் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. வீட்டில் இருக்கும் சொந்த மகளுக்கும் தெரியாது.

இத்தனை வினையும் ஒரே ஒரு "ம்"மில் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தட்டுக் கழுவும் மெஷினின் ஒரு முனையில், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான ஆள் நின்று எச்சில் தட்டுகளை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மறுமுனையில் மீசைக்காரர். வார்டுகளிலிருந்து வந்த தட்டுகள் வெந்நீரில் குளித்து ஆவி பறக்க வெளியே வரும். அவர் அவற்றை எடுத்து அடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் விரல் நுனியெல்லாம் எரிந்தது. அன்று அந்தப் பெண் வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்துக் கையசைத்தாள். கையில் ஒரு ஜோடி புதுச் சப்பாத்து, ஈரத் தரையில் வழுக்காத வகை.

"யாருங்க அது, உங்க பொண்ணா?" என்று நெட்டை கேட்டான்.

உண்மையைச் சொல்வதென்றால் நிறையச் சொல்ல வேண்டும். உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்களைப் பழக்கி, வேலை தேடிக் கொடுத்து, அந்த வேலையில் கால் ஊன்றும்வரை கூடவே வரும் நிலையம் ஒன்று ஊரில் இருந்தது. எல்லோரும் அதைச் 'சென்டர்' என்பார்கள். இந்தப் பெண் அந்தச் சென்டரில் வேலை பார்ப்பவள். ஆறு மாதம் வரை வந்து வந்து பார்ப்பாள். முதுகு வலிக்கிறதா, நேரத்துக்குப் பஸ் கிடைக்கிறதா, யாராவது கடிந்து பேசுகிறார்களா என்று விசாரிப்பாள். ஒரு காலத்தில் லாரி ஓட்டி, முதுகெலும்பு நழுவி, லாரியையும் விட்டு, வருஷக்கணக்கில் அரசாங்கப் பணத்தில் சாப்பிட்ட மனிதர் இவர். இதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நெட்டையிடம் சொல்ல முடியுமா?

"ம்," என்றார்.

அவ்வளவுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயையே திறக்கவில்லை.

இதற்கு முன் சென்டர் தேடிக் கொடுத்த இரண்டு வேலையை அவர் விட்டிருந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் காவல் வேலை ஒன்று, கிட்டங்கியில் பெட்டி எண்ணும் வேலை ஒன்று. இரண்டும் கஷ்டமான வேலையல்ல. கிட்டங்கியில் ஒருவன் சாதாரணமாக, "நீ சென்டர் கேஸா?" என்று கேட்டான். அன்றைக்கே தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வண்டி நிறுத்துமிடத்திலும் இதே கதைதான். ரோஷம் அவருக்கு மீசையைவிடப் பெரிது. ஆனால் ரோஷத்தை அடுப்பில் ஏற்றினால் உலை கொதிக்குமா என்று அவர் மனைவி கேட்டதில் தப்பில்லை.

மகள் அப்படியெல்லாம் கேட்கவில்லை. அவள் போன் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்பவள். சென்டரைக் கண்டுபிடித்ததே அவள்தான். லீவு போட்டு அவரைக் கையோடு கூட்டிப்போனதும் அவள்தான். சென்டர் வகுப்பில், நேர்முகத்துக்குப் பழக்குகிறோம் என்று எதிரே ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றார்கள். "லாரி ஓட்டினேன்" என்றதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. பின்வரிசையில் இருந்த மகள், அவர் எத்தனை தூரம் ஓட்டினார், எப்படி ஒரு நாளும் சரக்கைத் தாமதமாகக் கொண்டுபோனதில்லை என்றெல்லாம் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இந்த மூன்றாவது வேலை கிடைத்த அன்று அவள் சொன்னது இவ்வளவுதான்: "இதையும் விட்டுட்டு வந்தீங்கன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேம்ப்பா. ஆனா அப்புறம் உங்ககிட்ட பேசவும் மாட்டேன்."

"விடமாட்டேன்," என்றார் அவர். "ஆனா நீ ஒண்ணு செய்யணும். அந்தப் பக்கம் வராத."

பிளாஸ்டிக் ஏப்ரனும் தலையில் வலையுமாக, எச்சில் தட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கோலத்தில் அவள் தன்னைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் அவர் நினைப்பு. அவள் "சரிப்பா" என்றாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி இருக்கும் தெருப்பக்கம்கூட அவள் வரவில்லை.

சமையலறையிலோ அந்த 'மகளின்' புகழ் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அவர் குனிந்து தூக்காமல் இருக்கட்டும் என்று சென்டர் பெண் சூப்பர்வைசரம்மாவிடம் பேசி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை போட வைத்தாள். "அப்பன் முதுகுக்காக சூப்பர்வைசரம்மாகிட்டயே நேரா போய் நின்னுட்டாளே!" என்று நெட்டை ஊரெல்லாம் சொன்னான். சூப்பர்வைசரம்மாவுக்கு உண்மை தெரியும். ஆனால் அவர் வேலையைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காத பிறவி. சென்டர் பெண் மீசைக்காரரை "சார்" என்று கூப்பிடுவதை ஒரு நாள் நெட்டை கேட்டுவிட்டான்.

"என்ன மீசையண்ணே, பெத்த அப்பனை சார்ங்கறா?"

"வீட்டுல வெளையாட்டா அப்படித்தான் கூப்பிடுவா."

"கொடுத்து வச்சவருண்ணே நீங்க. எம்புள்ள என்னை டேய்னு கூப்பிடாம இருந்தா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு நாள் பேச்சு வேறு பக்கம் போனது. புதிதாக ஆள் எடுக்கப் போகிறார்களாம். "யாரை வேணா அனுப்பட்டும், சென்டர் ஆளுங்க மட்டும் வேணாம்ப்பா," என்றான் நெட்டை. "முன்னாடி ஒருத்தன் வந்தான். ஓசிச் சோத்துல வளந்த உடம்பு, ஒரு வாரத்துல படுத்துட்டான்." அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே மீசைக்காரரும் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து அவருக்குக் காது மடல் சுட்டது. தெரிந்தால் நெட்டை என்ன சொல்வான் என்று நினைத்துப் பார்த்தார். தெரிந்த நிமிஷமே தான் கிளம்பிவிடுவோம் என்பதும், அப்புறம் மகள் தன்னோடு பேசமாட்டாள் என்பதும் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆறு மாதம் முடிந்தது. சூப்பர்வைசரம்மா அவரைக் கூப்பிட்டு, "உங்களை நிரந்தரமாக்கியாச்சு. ஏப்ரன் கிழிஞ்சிருக்கு, மாத்திக்குங்க," என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். மீசைக்காரர் பின்பக்கம் போய் மனைவிக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்ன கையோடு வைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் சென்டர் பெண்ணின் கடைசி வருகையும். நெட்டை விடுவானா? "உக்காரும்மா, அப்பாவுக்கு வேலை நிரந்தரமாயிருக்கு, டீ குடிக்காம போகக் கூடாது," என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். மெஷின் சத்தத்தில் அந்த 'அப்பாவுக்கு' அவள் காதில் சரியாக விழவில்லை. சிரித்தபடி உட்கார்ந்தாள். மீசைக்காரர் மட்டும் அவள் கையிலிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு டீ முடிந்தால் போதும், அப்புறம் இவள் வரப்போவதில்லை, எல்லாம் தன்னால் அடங்கிவிடும் என்று எண்ணிக்கொண்டார்.

அப்போது பின்வாசல் கதவு தட்டப்பட்டது. நெட்டை போய்த் திறந்தான்.

கையில் கேக் பெட்டியோடு மகள் நின்றிருந்தாள். கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு, வராதே என்ற பேச்சை மீறினாலும் அவர் இன்றைக்காவது மன்னிப்பார் என்று அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"யாரும்மா வேணும்?"

"அப்பாவைப் பாக்கணும். பெரிய மீசை வச்சிருப்பாரு."

"மீசையண்ணனையா?" நெட்டை குழம்பிப்போய் உள்ளே திரும்பினான். "அவரு பொண்ணு உள்ள இருக்காளே!"

மகள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஸ்டூலில் சென்டர் பெண், கையில் டீ. சுற்றி நாலு பேர். நடுவில் ஏப்ரனும் தலை வலையுமாக அப்பா. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த தட்டு கையிலேயே நின்றது. சென்டரில் மூன்று மாதம் பார்த்துப் பழகிய அந்தப் பெண்ணை மகளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பார்வை ஸ்டூலுக்குப் போய், அப்பாவிடம் வந்து நின்றது. புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அது எங்க அக்கா," என்றாள். "நான் சின்னவ."

பிறகு உள்ளே வந்து, "அக்கா, நீ முன்னாடியே வந்துட்டியா? சொல்லியிருந்தா சேந்தே வந்திருப்பேன்ல," என்றாள்.

சென்டர் பெண் ஒரு கணம் விழித்தாள். மீசைக்காரரைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துபோயிற்று.

"ம்," என்றாள்.

மீசைக்காரர் கூனிக் குறுகிப் போனார். தான் சொன்ன பொய்யையாவது தாங்கிக்கொள்ளலாம். தனக்காகத் தன் பிள்ளை கண் இமைக்காமல் ஒரு பொய் சொல்லி நிற்பதை எங்கே வைத்துத் தாங்குவது?

நெட்டை அதோடு விடவில்லை. உரிமையோடு அவளைக் கடிந்துகொள்ள ஆரம்பித்தான்.

"ஏம்மா, நான் சொல்றேன்னு கோச்சுக்காத. உங்க அக்கா வாரம் தவறாம வந்து நிக்கிறா. சப்பாத்து வாங்கிக் குடுத்தது அவ, முதுகுக்கு மேசை போட வச்சது அவ. நீ ஒரு தடவையாவது எட்டிப் பாத்தியா? அப்பன் இங்க எப்படி நிக்கிறாருன்னு பாக்க வேணாமா?"

மகள் கேக் பெட்டியின் நூலைப் பார்த்தபடி நின்றாள்.

"தப்புதாண்ணா," என்றாள். "இனிமே வர்றேன்."

மீசைக்காரர் கையிலிருந்த தட்டை வைத்தார். சத்தம் பலமாகவே கேட்டது.

"அவளைத் திட்டாத," என்றார். "நான்தான் வராதன்னு சொன்னேன். இந்தக் கோலத்துல என்னைப் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன். எனக்கு ஒரே பொண்ணு. இவதான்."

"அப்ப அவங்க?"

"சென்டர் மேடம். நான் சென்டர் ஆளுதான். நீ சொல்லுவியே, ஓசிச் சோறு, அதான் நான். அங்கயும் என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது இவதான்."

நெட்டையின் முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. சென்டர் பெண் குடிக்காத டீயைக் கீழே வைத்தாள். மீசைக்காரரின் கை தானாகவே தலை வலைக்குப் போயிற்று. கிட்டங்கியில் தொப்பிக்குப் போன அதே கை. கழற்றி வைத்துவிட்டு நடந்தால் வாசல் இதோ இருக்கிறது.

மகள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"வராதன்னு சொன்னீங்க, வரலப்பா. என் எடத்துல வேற ஒருத்தர் உக்காந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

அவரால் நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை.

கதவை முட்டிக்கொண்டு வார்டிலிருந்து அடுத்த வண்டி வந்தது, தட்டுகள் சரியச் சரிய. நெட்டை அதை மெஷினருகே தள்ளி வந்தான். எங்கோ பார்த்தபடி, "வண்டி வந்துடுச்சுண்ணே," என்றான். வழக்கமான கேலி மட்டும் அதில் இல்லை.

மீசைக்காரர் தலை வலையை இழுத்துக் காதுவரை சரிசெய்தார். கையுறையை மாட்டினார். ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்ட சென்டர் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு முறை தலையை அசைத்தார். அந்த ஸ்டூலைத் தூக்கி வந்து, தான் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஈரம் படாத தரையாகப் பார்த்துப் போட்டார்.

"இங்க உக்காரும்மா," என்றார் மகளிடம். "வேலை முடிய நேரமாகும்."

அவள் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆவி பறக்கத் தட்டுகள் வரத் தொடங்கின. காதும் கழுத்தும் எரிய, அவள் பார்க்கப் பார்க்க, அவர் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.