ஹமீதுன்னிசா அக்காவின் இஸ்திரிப் பலகை

கரண்ட் போனதும் ஜெயபாரதி இஸ்திரிப் பெட்டியைப் பலகைமேல் அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்குத் தண்ணீர் அடிக்கப் போனாள். சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. அவள் குடத்தோடு திரும்புவதற்குள் கரண்ட் வந்திருந்தது. அறை முழுக்கப் புகை.

கட்ட வேண்டிய நீலச் சேலை நாற்காலியில் பத்திரமாக இருந்தது. பலகையின் பூப்போட்ட உறைதான் நடுவில் கருகி, அடியிலிருந்த பஞ்சு வரை ஓட்டையாகியிருந்தது.

பலகை அவளுடையதும் இல்லை. மாடி வீட்டு ஹமீதுன்னிசா அக்காவிடம் இரவல் வாங்கியது. அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது விற்ற சாமான்களில் அக்கா ஆசைப்பட்டு எடுத்தது. தி. நகரில் அந்தத் தெருவில் மற்றவர்களெல்லாம் மேஜைமேல் கம்பளியை விரித்துத்தான் தேய்த்தார்கள். ராயப்பேட்டையிலுள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்த அக்கா சாயங்காலம் வந்துவிடுவாள்.

பீரோவில் கிடந்த காடாத் துணியைத் தரையில் விரித்து, பலகையை அதன்மேல் கவிழ்த்துப் பென்சிலால் கோடு போட்டாள். கோட்டின் மேலேயே வெட்டினாள். போட்டுப் பார்த்தபோதுதான், கீழே மடக்கத் துணியே விடவில்லை என்று உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்து, மிச்சத் துணியில் சுற்றிலும் நாலு விரல் கூட விட்டு வெட்டினாள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்தது. கோத்தால் மறுபடி அறுந்தது.

மறுநாள் காலை அசோக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கணவன் ராஜரத்தினத்திடம் அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஒருவழியாக ஓரத்தை மடித்துத் தைத்து, நாடாவை ஊக்கில் மாட்டி மடிப்புக்குள் தள்ளினாள். பாதி வழியில் ஊக்கு உள்ளேயே திறந்துகொண்டது.

"இன்னா பாரதி, தீஞ்ச வாசனை அடிக்குது?" ஹமீதுன்னிசா வாசற்படியில் நின்றாள்.

"அக்கா... உங்க உறையை எரிச்சிட்டேன்."

ஹமீதுன்னிசா கருகிய உறையை எடுத்து ஓட்டையைத் தடவினாள். முகம் சுண்டிப்போயிற்று. "அந்தப் பூவுக்காகத்தாம்மா இத்தெ வாங்கினேன்" என்றாள். பிறகு, "அப்டி இன்னா அவசரம் உனக்கு?"

ஜெயபாரதிக்கு அழுகையும் பேச்சும் சேர்ந்தே வந்தன. இன்டர்வியூவையும், வீட்டில் சொல்லாததையும் கொட்டித் தீர்த்தாள்.

"என் வருத்தம் அப்புறம் கீது. அடியில போட கம்பளி எதுனா வச்சிருக்கியா?"

நாடாவை மறுபடி கோத்து, கம்பளியை மடித்துப் போட்டு, உறையை மாட்டி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார்கள். கூர்முனையில் ஒரு சுருக்கம் எவ்வளவு இழுத்தும் போகவில்லை. ஹமீதுன்னிசா சேலையைத் தானே தேய்த்துக் கொடுத்துவிட்டுப் பலகையோடு மாடியேறினாள்.

ராஜரத்தினம் சாப்பிட உட்கார்ந்ததும் ஜெயபாரதி உறை கருகியதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் பிசைந்த சோற்றைப் பார்த்தபடியே இருந்தான்.

"மாடி வீட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"வேண்டாம்னுருவீங்களோன்னு பயம்."

அவன் கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வாசலுக்கும் அடுப்படிக்குமாக அவள் நடந்துகொண்டேயிருந்தாள். திரும்பி வந்தவன், "எந்த பஸ்ல போறே?" என்று மட்டும் கேட்டான்.

அந்த வேலை கிடைக்கவில்லை. தை பிறந்ததும் மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தாள்.